பாதி சரியான பதில்

உறைந்த ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து நான்கு டிகிரிக் குளிரில் சில நாள் வைத்தால், சிலருடைய குழாயில் மட்டும் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறங்கும். 37 டிகிரிக்குச் சூடாக்கினால் கரைந்துவிடும். 1933இல் விண்ட்ரோபும் பியூவெலும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளி ஒருவரின் ரத்தத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். 1947இல் லெர்னரும் வாட்சனும் அந்தப் புரதத்துக்குக் கிரையோகுளோபுலின் என்று பெயர் வைத்தார்கள். அதை உண்டாக்குவதில் பெரும்பங்கு வகிக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் பிடிபட்டது 1989இல்தான். அதுவரை மருத்துவர்கள் இருட்டில் துழாவினார்கள் என்பதே வழக்கமான கதை. எனக்கு அது சரியாகப் படவில்லை. பதிலின் ஒரு பாதி 1977லேயே கைக்கு வந்துவிட்டது. மறுபாதி தவறாக இருந்ததால், சரியாக இருந்த பாதியும் சேர்ந்தே மதிப்பிழந்தது.

நியூயார்க்கில் மெல்ட்சரும் எட்வர்ட் ஃபிராங்க்ளினும் 1966இல் ஒரு நோயாளிக் கூட்டத்தை விவரித்தார்கள். காலில் ரத்தப் புள்ளிகள், மூட்டுவலி, தளர்ச்சி என மூன்றும் சேர்ந்து வந்தன. சிலருக்குச் சிறுநீரகமும் கெட்டது. படிவில் ஒரே வகைப் புரதம் இல்லை. ஐஜிஎம் என்னும் பெரிய எதிர்ப்புரதம், ஐஜிஜி என்னும் சிறிய எதிர்ப்புரதத்தையே அந்நியனாகக் கருதிப் பிடித்துக்கொண்டிருந்தது. முடக்குவாதக் காரணி என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் குணத்தைத்தான். 1950களிலேயே அதை ஆராய்ந்தவர் ஃபிராங்க்ளின், ஆகவே அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. 1974இல் பிரான்சில் புருவேயும் சகாக்களும் 86 நோயாளிகளைப் பார்த்துக் கிரையோகுளோபுலின்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒற்றைப் புரதம் மட்டும் படியும் முதல் வகை பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்களோடு வந்தது. கலப்பான மற்ற இரண்டு வகைகளில் பலருக்குக் காரணமே தெரியவில்லை.

ஃபிராங்க்ளினின் குழு 1977இல் அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தது. இந்த நோயாளிகளில் பலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்ததைக் கவனித்து, ஹெபடைடிஸ் பி வைரஸின் தடயங்களைத் தேடிக் கண்டதாக அறிவித்தார்கள். வேறு இடங்களில் தேடியவர்களுக்கு அது அந்த அளவில் கிடைக்கவில்லை, கருத்து மங்கிப்போனது. ஆனால் மங்கியிருக்க வேண்டியது ‘பி’ என்ற எழுத்து மட்டும்தான். கல்லீரலைத் தாக்கும் கிருமி ஒன்று பின்னணியில் இருக்கிறது என்ற அனுமானத்தை யாரும் பொய்ப்பிக்கவில்லை. மேலும், ரத்தம் ஏற்றியபின் வரும் மஞ்சள்காமாலையில் பெரும்பகுதி ஏ வைரஸாலும் அல்ல, பி வைரஸாலும் அல்ல என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தினர் 1975லேயே காட்டியிருந்தார்கள். பெயரில்லாத மூன்றாம் ஆள் ஒருவன் இருப்பது தெரிந்த செய்தி. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தடை எதுவும் இல்லை.

நடந்து முடிந்தபின் புத்தி சொல்வது எளிது என்று இதற்கு மறுப்பு வரும். பரிசோதனை முறையே இல்லாத ஒரு வைரஸை எப்படிக் குற்றம் சாட்டுவது? நியாயமான கேள்விதான். நிரூபிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரூபிக்க முடியாததை விட்டுவிடுவது வேறு, திறந்த கேள்வியாகக் குறித்துவைப்பது வேறு. விடை வருவதைக் காணாமலே ஃபிராங்க்ளின் 1982இல் இறந்துவிட்டார். வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு மூன்றே ஆண்டுக்குள், 1992இல், அக்னெல்லோவின் குழு இரண்டாம் வகை நோயாளிகள் 19 பேரில் 16 பேரிடம் அதன் ஆர்என்ஏவைக் கண்டது. படிவுக்குள் அது சீரத்தில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு வரை செறிந்திருந்தது. ஆண்டுக்கணக்காக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பார்த்த அதே வெள்ளைப் படிவுக்குள்தான் சாட்சி இருந்திருக்கிறது.

ஒட்டும் தன்மையுள்ள படிவு வழியில் போன வைரஸையும் சேர்த்து இழுத்திருக்கலாமே, அதை வைத்துக் காரணம் என்று சொல்லிவிட முடியுமா என்றும் கேட்டார்கள். இத்தாலியில் மிசியானியின் குழு 1994இல் வெளியிட்ட இன்டர்ஃபெரான் மருந்து ஆய்வு இதற்கு ஏறக்குறைய முடிவு கட்டியது. வைரஸ் மறைந்தவர்களுக்குக் கிரையோகுளோபுலின் குறைந்தது, தோல் புண்கள் ஆறின. மருந்தை நிறுத்தியபின் வைரஸ் திரும்பியபோது புரதமும் திரும்பியது. வெறும் உடன்பயணி இப்படி நடந்துகொள்ளாது.

‘ஏறக்குறைய’ என்று சொல்லக் காரணம் உண்டு. நாள்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அருகில் இந்தப் புரதம் தென்படுகிறது, ஆனால் அதனால் நோய்ப்படுபவர்கள் மிகச் சிலரே. சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்தபின் வைரஸ் முற்றிலும் ஒழிந்த சிலரிடமும் படிவு நீடிக்கிறது. எதிர்ப்புரதம் சுரக்கும் பி அணுக்களில் வைரஸ் தூண்டிவிட்ட ஒரு கூட்டம், தூண்டியவன் போனபிறகும் பழைய புரதத்தைத் தொடர்ந்து சுரக்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். ஆகவே குணமானவர்களின் சீரத்தையும், இளஞ்சூட்டில் எடுத்துக் குளிரில் வைக்கும் அதே பழைய முறைப்படி, இன்றும் சோதிக்க வேண்டியிருக்கிறது.