அம்மாவின் கையெழுத்து

வீட்டை விற்க அம்மா முடிவெடுத்தபோது தரகர் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கேட்டார். அதைக்கூடப் பொறுத்திருப்போம். "உங்க பையனும் கையெழுத்துப் போட்டாத்தாம்மா வாங்குறவங்க நம்புவாங்க" என்றார். வீடோ அம்மா பெயரில் மட்டுமே இருந்தது, பாட்டி உயில் எழுதிக் கொடுத்தது.

அன்றிரவு தாய்ப்பத்திரக் கட்டில் பழைய கிரயப் பத்திர நகல் ஒன்றைப் பார்த்தேன். 1948இல், கணவரை இழந்த பாட்டி கொல்லைப்புற மனையை விற்றது. கணவர் பட்ட கடனுக்கும் மூத்த மகள் கல்யாணச் செலவுக்குமாக விற்பதாகப் பாதிப் பக்கத்துக்குக் காரணம் எழுதியிருந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குத் தந்தது வரம்புக்குட்பட்ட உரிமைதான். தக்க அவசியமில்லாமல் விற்றிருந்தால், அவள் காலத்துக்குப் பின் வாரிசுகள் வழக்குப் போடலாம். அதனால்தான் வாங்குபவர்கள் அடுத்த வாரிசின் சம்மதக் கையெழுத்தையும் தேடினார்கள். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண் கையிலிருந்த சொத்தை அவளுக்கே முழுமையாக்கியது. தரகருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

அவரை விட்டுவிட்டோம். வில்லங்கச் சான்றை நானே எடுத்தேன். தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்ததில், எதிர்வீட்டு டெய்லர் அக்காவின் தங்கை வாங்க வந்தார். விலையை அம்மாவும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்.

பதிவன்று பத்திர எழுத்தரும் அண்ணனைத் தேடினார். அவன் வெளியே டீக்கடையில் இருந்தான். அம்மா பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.