யவனர் வந்த வழியே

அரியாலையின் கிழக்குக் கரையோரம் பூம்புகார் என்று ஒரு குடியிருப்பு உண்டு. காவிரி அங்கில்லை, பரவைக் கடல்தான் உண்டு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்திரவிழவூரெடுத்த காதையைப் படிப்பிக்கும்போது, தங்கள் ஊர்ப்பெயர் பாடத்தில் வருவது கண்டு அவர்கள் முகம் மலரும். மருவூர்ப்பாக்கத்து யவனர் இருக்கைகளைப் பற்றிச் சொன்னதும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "யவனர் இங்கே வந்தார்கள் சேர், நாங்கள் அங்கே போனோமா?"

நல்ல கேள்வி. நம் இலக்கியம் இதற்கு நேரடியாக விடை தருவதில்லை. யவனரின் மரக்கலம் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்லும். அவர்கள் கொணர்ந்த மதுவைப் புறநானூறு சொல்லும். பாசறையில் காவல் நின்ற யவனரை முல்லைப்பாட்டிற் காணலாம். வந்தவரைப் பாடிய புலவர்கள் போனவரைப் பாடவில்லை. பட்டினப்பாலையில் ஈழத்து உணவுப்பொருள் புகார்த்துறையில் வந்திறங்குகிறது. அதை ஏற்றிச் சென்ற தோணிக்காரன் எவன் என்பது அங்கும் இல்லை.

விடை எகிப்திலே மண்ணுக்குள் கிடந்தது. செங்கடற் கரையிலுள்ள குசைர் அல் கதீம் என்ற பழந்துறையில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியிற் கீறப்பட்ட பானையோடுகள் அகப்பட்டன. அதே துறையில் கிடைத்த இன்னோர் ஓட்டிலே, உறியில் தொங்கும் பானையைக் குறிக்கும் தமிழ்த் தொடர் இருந்தது. அதற்குத் தெற்கேயுள்ள பெரனிக்கே துறையில், கோயிலொன்றின் பகுதியில் புதைந்திருந்த பெருஞ்சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. பானையிற் பெயர் கீறியவன் அரசனோ புலவனோ அல்லன். தன் பானை மற்றவனுடைய பானையோடு மாறிவிடக் கூடாதென்று நினைத்த ஒரு வணிகனாகவோ கப்பலாளாகவோ இருந்திருப்பான். எனக்கு அந்த ஓடுகள் ஒரு மெய்க்கீர்த்தியிலும் பெரியவை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை செங்கடல் துறைகள். கப்பல் வழி அங்கே முடிந்துவிடும். சரக்கு ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனம் கடந்து, கொப்தோஸ் நகரில் நைல் நதியை அடைந்து, அங்கிருந்து படகிலே அலெக்சாந்திரியா போகும். முசிறியிலிருந்து ஹெர்மப்பொலோன் என்ற கப்பலில் ஏறிய சரக்கைப் பற்றிய, 2 ஆம் நூற்றாண்டுப் பப்பைரசுத் தாள் வியன்னாவில் இருக்கிறது. சரக்கு எகிப்து சேர்ந்தபின் அலெக்சாந்திரியா வரை அதைக் கொண்டுபோவது எப்படி என்று ஒப்பந்தமாகவே அதில் எழுதியிருக்கிறார்கள். எனவே நம் பக்கத்து மரக்கலத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே ஒரு பாலைவனம் கிடந்தது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தபோதுதான் அத்தடை நீங்கியது.

நீங்கிய வழியிலே வல்வெட்டித்துறையிற் கட்டிய ஒரு பாய்க்கப்பல் சென்றது. அதன் பெயர் அன்னபூரணி அம்மாள். சுந்தரம் மேஸ்திரியார் 1930 இல் வேப்பமரத்தால் கட்டியது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரம். பர்மாவுக்கும் தென்னிந்தியத் துறைகளுக்கும் சரக்கு ஏற்றிய வல்வெட்டித்துறைக் கப்பல்களுள் இதுவும் ஒன்று. இதைக் கண்டு ஆசைப்பட்டவர் வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர். அவர் சாதாரண உல்லாசப் பயணி அல்லர். 32 அடிப் படகொன்றில் 1928 இற் புறப்பட்டு 1931 இல் உலகைச் சுற்றி முடித்தவர். செங்கடலும் மத்தியதரைக் கடலும் அவர் அறிந்த வழி. அந்தப் படகுக்கு அவர் வைத்த பெயர் சுவாப். கனவு என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொல் என்று சொல்லிக்கொண்டார். அப்படிப்பட்டவர் நம் கரையிற் கட்டிய கப்பலை விலைகொடுத்து வாங்கினாரென்றால், மேஸ்திரியாரின் கைக்கு அதைவிட வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

1937 இல் புறப்பட்ட கப்பல் ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ட்டர், பேர்முடா என்று போய், 1938 ஓகஸ்ட் 1 ஆம் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதில் இருந்த தமிழ் மாலுமிகள் ஐவர். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களுள் மூத்தவர்.

அந்தப் பாதையில் மத்தியதரைப் பகுதி மாத்திரம் எவ்வளவு தொல்லையானது என்பதை எண்ணிப் பாருங்கள். நம் மாலுமிகள் சோளகமும் வாடையும் பார்த்துப் பாய் விரித்துப் பழகியவர்கள். ஆறு மாதம் ஒரு திசை, ஆறு மாதம் மறு திசை. காற்று ஏறக்குறைய வாக்குத் தவறாத கடல் நம்முடையது. மத்தியதரைக் கடல் அப்படியன்று. மேற்கே போகிறவனுக்கு அங்கே பெரும்பாலும் எதிர்க்காற்றுத்தான். உரோமாபுரிக்குத் தானியம் ஏற்றிய அலெக்சாந்திரியக் கப்பல்களே, திரும்பி வரும் நாட்களைப் போல இருமடங்குக்கு மேல் நாள் எடுத்து மேற்கே போயின. போதாக்குறைக்கு, ஜிப்ரால்ட்டர் நீரிணையில் அத்திலாந்திக் நீர் மேல்மட்டத்தில் உள்ளேதான் பாய்ந்துகொண்டிருக்கும். வெளியே போகிற பாய்க்கப்பல் காற்றையும் நீரோட்டத்தையும் ஒருசேர எதிர்க்க வேண்டும். பர்மாக் கடலிற் பழகியவர்கள் அதையும் கடந்தார்கள்.

குளொஸ்ரர் மீனவர் துறை; கப்பலறிந்த ஊர். வந்தவர்களின் உடையையும் சமயத்தையும் அங்குள்ள பத்திரிகைகள் வியந்து எழுதின. அதற்குள் கப்பலின் பெயரும் மாறியிருந்தது: ரொபின்சனின் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. ரொபின்சன். விலைக்கு வாங்கியவர் பெயர் வைப்பது உரிமைதான். ஆனாலும் அன்னமிடும் தாயின் பெயரை அழித்தது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ரொபின்சனுக்கு எழுதத் தெரியும், நூல்கள் எழுதினார். நம்மவர் ஐவருள் ஒருவர் போர்ட் செயிட் துறையில் கரையிறங்கி என்ன கண்டார், எதிர்க்காற்றில் எத்தனை நாள் காத்திருந்தார், எந்தத் தெய்வத்தை வேண்டினார் என்பது நம் பாடநூல் எதிலும் ஒரு பந்தியாகக்கூட இல்லை. கந்தரோடையிற் கிடைத்த உரோம நாணயத்தை நாம் பெருமையோடு படிப்பிக்கிறோம். அது வந்தவன் விட்டுப்போன பொருள். வடமராட்சியில் பழைய கப்பல் வீடுகளில் கணக்குக் கொப்பிகளும் கடிதங்களும் படங்களும் இருந்தன. போரிலும் இடப்பெயர்விலும் போனவை போக, எஞ்சியவற்றைப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் அவற்றை ஒரு பிரதியாவது எடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பார்களாயின், எங்கள் பூம்புகார்ப் பிள்ளைகளின் கேள்விக்கு அடுத்த ஆண்டு பானையோட்டை மட்டும் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிராது.