விரல்களைத் தின்றது யார்?

வேலூரிலிருந்து தெற்கே கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போளூருக்குச் செல்லும் சாலை ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி நீள்கிறது. இவ்வூர்கள் அடங்கியிருந்த பழைய வடஆர்க்காடு மாவட்டம், இந்தியாவில் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று. அந்நோயைப் பற்றிய மருத்துவ அறிவைத் திசைமாற்றிய பணிகள் சில இவ்வட்டாரத்தில்தான் நிகழ்ந்தன. நம் இலக்கியச் சூழல் அவற்றை அதிகம் பேசியதில்லை. 1954இல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதாவின் மோகன் தன் ஒழுக்கக்கேட்டுக்குக் கூலியாகப் பெறுவது இந்த நோயைத்தான். ராதாவின் நடிப்பை வியந்த நாம், அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டோம்.

1873இல் நார்வேயில் ஹான்சன் நோய்க்கிருமியைக் கண்டறிந்தபோதே ஊழ்வினைக் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிருமி தசையைத் தின்கிறது, விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்ற புதிய கதை அதனுடன் சேர்ந்துகொண்டது. மருத்துவர்களிலும் பலர் அதை நம்பினர்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேனின் நோயாளிகளைக் கண்டபின் அவரைப் பற்றிக்கொண்ட கேள்வி எளியது: இந்த விரல்கள் எப்படிப் போயின? பார்க்கப் பார்க்க விடை தெளிந்தது. நரம்பு செத்ததால் வலி இல்லை. வலி இல்லாதவர் கொதிக்கும் பாத்திரத்தையும் வெறுங்கையால் இறக்குகிறார். புண்ணான காலோடு மைல் கணக்கில் நடக்கிறார். அடிபடாமல் காத்தால் அந்தப் புண்களும் மற்றவர் புண்களைப் போலவே ஆறின. உறங்குபவர்களின் விரல்களை இரவில் எலிகள் கடித்துப்போனதையும், அதற்காக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டதையும் பிராண்ட் எழுதியிருக்கிறார். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய மருந்துச் சீட்டு வேறு உண்டா என்று தெரியவில்லை. 1948 முதல் தசைநாண்களை இடம்மாற்றும் அறுவையால் மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஆய்வு மையம் எழுந்தது.

நரம்பைக் கொன்றது யார் என்ற கேள்வி எஞ்சியது. இக்கிருமி மிக மந்தமானது. ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். கிருமிகள் மிகக் குறைவாக உள்ள வகையிலும் நரம்புகள் கடுமையாகச் சிதைகின்றன. 1980களில் கூட்டுமருந்துச் சிகிச்சை பரவி, கிருமிகள் மாண்ட பின்பும் சிலருக்கு உணர்விழப்பு தொடர்ந்தது. ஐயம் உடலின் பக்கமே திரும்பியது.

இங்குதான் நைட்ரிக் ஆக்சைடு வருகிறது. ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த வாயு. வாகனப் புகையிலும் இருப்பது. உடலில் அது ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் படைக்கலமும் அதுவே. சூப்பர் ஆக்சைடுடன் சேரும்போது அது பெராக்சிநைட்ரைட் ஆகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கும், டி.என்.ஏ.வை உடைக்கும், உடைந்ததைச் செப்பனிட முயன்றே செல் தன் ஆற்றலையெல்லாம் இழந்து சாகக்கூடும். அளவு மீறிய குளூட்டமேட் மூளைச் செல்களைக் கொல்வதில் இந்த வாயுவுக்குப் பங்குண்டு என்பதை 1991இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினர்.

தொழுநோயில் இதே கதையை 2017இல் விரித்துக் காட்டிய குழுவில் முதன்மையானவர் கேம்பிரிட்ஜின் லலிதா ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் தங்கை. கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கத்தக்க ஜீப்ரா மீன் குஞ்சுகளில் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு கொழுப்புப்பொருள் மேக்ரோஃபேஜைத் தூண்டுகிறது; அது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு அருகிலுள்ள நரம்பிழையின் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது; இழையைச் சுற்றிய மயலின் உறை பிரிகிறது. அக்கொழுப்பை உண்டாக்கும் திறனை வேறொரு மீன் கிருமிக்குக் கொடுத்தபோது அதுவும் நரம்பைச் சிதைத்தது.

மீன் மனிதன் அல்ல. கிருமி நரம்புறைச் செல்களுக்குள் நேரடியாகப் புகுவதும் உண்மை. எனினும் நரம்பழற்சி கண்டால் கிருமிக்கான கூட்டுமருந்தோடு, உடலின் சீற்றத்தை அடக்கும் பிரெட்னிசலோனும் மருத்துவர்கள் தருகிறார்கள். உணர்விழப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் தந்தால் நரம்பு மீள வாய்ப்புண்டு. பிந்திவிட்டால், வேலூரின் அந்த 1948ஆம் ஆண்டு அறுவைமுறையின் வழிவந்த சிகிச்சைதான்.