டயாலிசிஸ் நோயாளிகளும் வான்கோமைசினுக்கு அடங்காத கிருமிகளும்

1. பொருளும் எல்லையும்

சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருபவர் ஆண்டுக்கு 156 முறை மருத்துவமனைச் சூழலுக்குள் வந்து வீடு திரும்புகிறார். அவரை உள்நோயாளி என்றும் சொல்ல முடியாது, புறநோயாளி என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவருடைய இரத்தம் உடலுக்கு வெளியே ஓடுகிறது. பக்கத்து நாற்காலியில் இன்னொருவர். இருவரையும் கவனிப்பது பெரும்பாலும் ஒரே செவிலியர்தான்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களின் வரலாற்றில் இவர்கள் திரும்பத் திரும்பத் தென்படுகிறார்கள். இது தற்செயல் அன்று. யூரியா கூடிய இரத்தத்தில் வெள்ளணுக்கள் சோர்ந்துவிடுவதும், பலருக்கு நீரிழிவும் இருப்பதும் காரணங்கள்தான். ஆனால் சிகிச்சை தரப்படும் முறைக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். டயாலிசிஸ் கூடங்களில் பரவும் கல்லீரல் வைரஸ்கள் இங்கே பேசப்படவில்லை.

2. சுமப்பதும் நோயுறுவதும்

ஒரு கிருமி உடலில் தங்கியிருப்பதும் அது நோய் உண்டாக்குவதும் வேறு வேறு நிலைகள். சுமப்பவருக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை. ஆய்வகத்தில் பஞ்சுக்குச்சியைச் சோதித்தால்தான் தெரியும்.

2.1 மூக்கு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விரும்பிக் குடியிருக்கும் இடம் மூக்கின் முன்பகுதி. நலமாக இருப்பவர்களிலேயே பத்தில் மூவரளவு அதைச் சுமக்கிறார்கள். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்த விகிதம் இன்னும் கூடுதல். அவர்களுக்கு வரும் தொற்றில் பெரும்பாலும் அவரவர் மூக்கில் இருந்த அதே வகைக் கிருமிதான் இருக்கிறது என்பதை 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து போட்ட கிருமி என்ற எண்ணத்தை அது பெருமளவு மாற்றியது. இதே இனத்தில் மெதிசிலினுக்கு அடங்காத வகை (எம்ஆர்எஸ்ஏ) 1961இல் இங்கிலாந்தில் பதிவானது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி, டயாலிசிஸ் நோயாளிகளில் நூற்றுக்கு ஆறு பேரளவு எம்ஆர்எஸ்ஏவைச் சுமக்கிறார்கள். அதைச் சுமக்காதவர்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்கு அந்தத் தொற்று வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல்.

2.2 குடல். வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் (விஆர்இ) தங்குமிடம் குடல். மூக்கில் இருப்பதைக் களிம்பு தடவிச் சில காலமாவது விரட்டலாம். குடலில் இருப்பதை விரட்ட நம்பகமான வழி இல்லை. மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் குடியிருப்பதும் இங்கேதான். இந்தியச் சூழலில் அவையே முக்கியம் என்பதால் அவற்றைக் கடைசிப் பகுதிக்கு ஒதுக்குகிறேன்.

3. வான்கோமைசின்: வசதியின் விளைவு

போர்னியோ தீவு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் வழியே கிடைத்த இந்த மருந்து, 1958இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் மூலக்கூறு பெரியது, ஏறத்தாழ 1,450 டால்டன். உடலிலிருந்து அதை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் செயல்படாதவரிடம் அது தேங்கும். பழைய டயாலிசிஸ் சவ்வுகளின் நுண்துளை வழியாகவும் அவ்வளவாக வெளியே போகாது. ஆகவே ஒரு கிராம் ஏற்றினால் ஒரு வாரத்துக்குப் போதும் என்ற நடைமுறை வந்தது. குத்த நரம்பு தேட வேண்டியதில்லை; டயாலிசிஸ் முடியும் நேரத்தில் அதே குழாயில் ஏற்றிவிடலாம். நோயாளிக்கும் எளிது, மருத்துவருக்கும் எளிது. காய்ச்சல் என்றாலே வான்கோமைசின் என்று கை பழகிப்போனதற்கு மருந்தின் திறனைவிட இந்த எளிமையே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மெதிசிலினுக்கு அடங்கும் ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு செஃபசோலின் வான்கோமைசினைவிட நன்றாக வேலை செய்யும்; அதையும் டயாலிசிஸ் முடிவிலேயே கொடுக்கலாம். கிருமி இன்னதென்று தெரிந்த பிறகும் மருந்தை மாற்றாமல் விடுவதற்கு நியாயம் இல்லை. புறநோயாளி டயாலிசிஸ் மையங்களில் தரப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்தில் பத்தில் மூன்று பங்கு தேவையற்றது என்று அமெரிக்க ஆய்வுகள் கண்டன.

விளைவு முதலில் தெரிந்த இடங்களில் ஒன்று லண்டன் டல்விச் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு. அங்குள்ள நோயாளிகளிடம் கண்ட விஆர்இ பற்றிய அறிக்கை 1988இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் கால்நடைத் தீவனத்தில் கலந்த, வான்கோமைசினின் உறவு மருந்தான அவோபார்சினுக்கும் பழி உண்டு; 1997இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. தீவனத்தில் அவோபார்சின் சேர்க்காத அமெரிக்காவிலும் விஆர்இ பெருகியதால், மருத்துவமனைகள் தீவனத்தை மட்டும் கைகாட்டித் தப்ப முடியவில்லை. அதே 1997இல் மிச்சிகன் மாநிலத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொண்ட ஒருவரிடம் வான்கோமைசினுக்குப் பாதி அடங்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிடைத்தது. முழுதாக அடங்காதது ஐந்தாண்டு கழித்து வந்தது.

4. மிச்சிகன், 2002

முழுதாக அடங்காத கிருமி முதலில் கிடைத்த நோயாளிக்கு வயது 40. நீரிழிவு, கால் இரத்தக்குழாய் அடைப்பு, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. ஆறாத கால்புண்ணுக்காக ஓராண்டுக்கும் மேல் பலமுறை ஆன்டிபயாட்டிக் மருந்துகள், இடையிடையே வான்கோமைசினும். 2002 ஏப்ரலில் அழுகிய கால்விரல் அகற்றப்பட்டது. பிறகு டயாலிசிஸுக்காக வைத்த செயற்கைக் குழாயில் எம்ஆர்எஸ்ஏ புகுந்து இரத்தத்தில் பரவியது; குழாயை எடுத்தார்கள், மீண்டும் வான்கோமைசின். ஜூன் மாதம், டயாலிசிஸுக்காகப் போட்ட தற்காலிகக் கதீட்டர் தோலைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து எடுத்த மாதிரியில், வான்கோமைசினுக்குச் சற்றும் அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்தது.

அவருடைய கால்புண்ணைச் சோதித்தபோது அதே கிருமியோடு விஆர்இயும் சேர்ந்து கிடைத்தது. என்டெரோகாக்கஸிடம் இருந்த வான்-ஏ மரபணுத் தொகுதி ஸ்டெஃபிலோகாக்கஸுக்குக் கைமாறியிருந்ததை மரபணு ஆய்வு உறுதி செய்தது. வான்கோமைசின் பற்றிக்கொள்வது செல்சுவர்த் துண்டின் முனையிலுள்ள இரண்டு அலனின்களை. வான்-ஏ கடைசி அலனினை லாக்டேட்டாக மாற்றிவிடுகிறது. மருந்தின் பிடி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தளர்கிறது. இரு கிருமி இனங்களும் ஒரே புண்ணில் நெடுங்காலம் சேர்ந்து வாழ, மேலே வான்கோமைசின் திரும்பத் திரும்பப் பெய்தது. மரபணு கைமாற இதைவிட ஏற்ற இடம் வேண்டியதில்லை.

கதீட்டரை எடுத்து, ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபமெத்தாக்ஸசோல் என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்ததும் குணம் கிடைத்தது. வீட்டார், செவிலியர், டயாலிசிஸ் மையத்தவர் எல்லோரையும் சோதித்தும் ஒருவரிடமும் அது பரவியிருக்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் தென்பட்டவையும் பத்துச் சொச்சமே. அஞ்சிய அளவுக்குப் பரவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

5. வாசல்

மூக்கில் கிடக்கும் கிருமி இரத்தத்துக்குள் போக ஒரு வாசல் வேண்டும். 1966இல் நியூயார்க்கில் பிரேசியா, சிமினோ குழுவினர் அறிவித்த ஃபிஸ்டுலா, கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்குவது. ஊசியை உருவியதும் வாசல் மூடிக்கொள்ளும். கழுத்துச் சிரையில் போடும் கதீட்டரோ வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும் வாசல். போதாக்குறைக்கு அதன் உட்சுவரில் கிருமிகள் படலம் கட்டி மருந்துக்கு எட்டாமல் இருந்துகொள்ளும். 2005இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் ஆயிரம் பேருக்கு 45.2 என்ற அளவில் உடலுக்குள் ஊடுருவிய எம்ஆர்எஸ்ஏ தொற்று இருந்தது. பொதுமக்களிடம் இருந்ததைப்போல நூறு மடங்குக்கும் மேல். 2017 முதல் 2020 வரையிலான கணக்கிலும், ஃபிஸ்டுலா உள்ளவரைவிடக் கதீட்டர் உள்ளவருக்கு இரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்று வரும் வாய்ப்பு ஆறு மடங்கு.

6. தேடிப்பிடிப்பதா, வாசலை அடைப்பதா

சுமப்பவர்களைத் தேடிப்பிடித்து மூக்கில் முபிரோசின் களிம்பு தடவுவது ஒரு வழி. தொற்று குறைகிறது. ஆனால் சில வாரங்களில் கிருமி திரும்பி வருகிறது; தொடர்ந்து தடவினால் முபிரோசினுக்கும் அடங்காமல் போகிறது. விஆர்இ உள்ளவரை மூலையில் உட்கார வைப்பது இன்னொரு வழி. அது அவர் மனத்தைக் குத்தும். சோதிக்கப்படாமல் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

2009இல் தொடங்கிய ஓர் அமெரிக்கக் கூட்டு முயற்சியில் 17 மையங்கள் வேறு பாதையில் போயின. கைகழுவுவதைக் கண்காணிப்பது, கதீட்டர் முனையை ஒவ்வொரு முறையும் தேய்த்துத் துடைப்பது, தோலுக்குக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி போடுவது, தொற்று எண்ணிக்கையை ஊழியர்களுக்கே காட்டுவது, முடிந்தவரை கதீட்டரை நீக்குவது. எந்தக் கிருமி என்று பார்க்கவில்லை. இரத்தத் தொற்று 32 விழுக்காடும், ஊசி, கதீட்டர் வழியாக வந்த தொற்று 54 விழுக்காடும் குறைந்தன. தொற்று குறைந்தால் வான்கோமைசின் தேவையும் குறையும். இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லாததால்தானோ என்னவோ, பேசுவோர் குறைவு.

7. இந்திய நிலை

நம் ஊரில் முதல் கவலை ஸ்டெஃபிலோகாக்கஸ் அன்று; குடலில் குடியிருக்கும் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து 2010இல் வெளியான ஆய்வு, மருந்தைச் சிதைக்கும் என்டிஎம்-1 நொதி கொண்ட இத்தகைய குடல் பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26 என்று பதிவு செய்தது. இங்கிலாந்தில் கிடைத்தவை 37. அந்த இங்கிலாந்து நோயாளிகளில் சிலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சிகிச்சை பெற்றவர்கள். அந்தச் சிகிச்சைகளின் பட்டியலில் டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் உண்டு. இவ்வகைக் கிருமிகளுக்குக் கார்பபெனம் மருந்துகள் உதவாது. மீந்திருக்கும் பழைய மருந்தான கோலிஸ்டினோ சிறுநீரகத்தையே கெடுப்பது. கொஞ்சநஞ்சம் சிறுநீர் பிரிந்துகொண்டிருப்பவருக்கு அதுவும் நின்றுபோகலாம்.

இங்கே பலருக்கு டயாலிசிஸ் தொடங்குவதே மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வரும் நாளில்தான். அன்று கழுத்தில் கதீட்டர் போடுவதைத் தவிர வழியில்லை. ஃபிஸ்டுலா போட்டால் அது தயாராகப் பல வாரம் ஆகும். அறுவைக்கு நாள் கிடைப்பது தள்ளிப்போனால் கதீட்டரும் மாதக்கணக்கில் நீளும், அதனோடு காய்ச்சலும் ஊசி மருந்தும் நீளும். கிரியாட்டினின் ஏறத் தொடங்கிய நாளிலிருந்து ஃபிஸ்டுலா அறுவை நடக்கும் வரை ஒருவர் எத்தனை வாரம் காத்திருந்தார் என்பதை மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு தன் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது அந்த எண், இருக்குமானால், அறுவைப் பிரிவின் பதிவேட்டில் கிடக்கிறது.