இரண்டு விரல் இடைவெளி

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூர்ப் பக்கம் பாரதக் கூத்து நடக்கும் ராத்திரிகளில், சின்ன வயதில் நான் கூத்தைப் பார்த்ததைவிட மைக் செட்காரரைப் பார்த்ததுதான் அதிகம். பந்தல் குறுக்குக் கம்பில் கயிறு கட்டி ஆட்டக்காரர்கள் தலைக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிடுவார். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. நன்கொடைப் பட்டியல் வாசிக்க வரும் பையன்கள் மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொள்வார்கள். குரல் தடித்து, குழாய் ஸ்பீக்கரில் வார்த்தையே புரியாமல் போகும். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்: “மைக்க முழுங்காத கண்ணு. ரெண்டு விரல் தள்ளிப் புடி.”

பல வருடம் கழித்து, தளம் போட்ட வீட்டின் பின்னறையில், கிட்டார் ஆம்ப் முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது. மின் கிட்டாரைப் பதிவு செய்யும் கலையில் பாதி, அந்த ரெண்டு விரலுக்குள் இருக்கிறது. அந்த இடைவெளி பிறந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மின் கிட்டாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. வீணைக்குக் குடம் உண்டு, மிருதங்கத்துக்குப் பலாமரக் கட்டை உண்டு. பெரும்பாலான மின் கிட்டார்கள் உள்ளே குடையப்படாத வெறும் பலகைகள். கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றுகிறது, ஆம்ப் அதைப் பெருக்குகிறது, கடைசியில் ஒரு காகிதக் கூம்பு அதைக் காற்றுக்குக் கொடுக்கிறது. நாம் ‘கிட்டார் சத்தம்’ என்று மனதில் வைத்திருப்பது அந்தக் காகிதத்தின் சத்தம். ஆம்பை விட்டுவிட்டு, வயரை நேராகக் கணினிக்குக் கொடுத்துப் பாருங்கள். கொசு ரீங்காரம் மாதிரி மெலிந்து வரும். ஆம்பில் அழுக்கேறிய (டிஸ்டார்ஷன்) சத்தத்தை ஸ்பீக்கர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் இன்னும் மோசம், தகரத்தில் ஆணி கீறுவது போல இருக்கும். பெரும்பாலான கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடுகின்றன. அந்தக் குறைதான் கீறலை வடிகட்டி, மீதியைத் தேனாக்குகிறது. ஆகவே கிட்டாரைக் காற்றிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் கருவியும் கொடுக்கும் கருவியும் உடன்பிறப்புகள். காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு தோல். மின்சாரம் பாய்ந்து தோல் ஆடினால் ஸ்பீக்கர். காற்று பட்டுத் தோல் ஆடி மின்சாரம் பிறந்தால் மைக். 1874-லேயே வெர்னர் ஃபான் சீமென்ஸ் அந்தச் சுருளுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். அது நாம் இன்று அறியும் ஸ்பீக்கராக 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் கையில் உருவானது. 1931-இல் வென்டியும் துராஸும் அதையே திருப்பிப் போட்டு மைக்காக்கினார்கள். இந்த உறவை 1966-இல் லண்டனில் இ.எம்.ஐ. ஸ்டுடியோ ஆட்கள் நேரிலேயே சோதித்தார்கள். பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டுக்கு பேஸ் கிட்டார் போதுமான கனத்தோடு விழவில்லை. பொறியாளர் கென் டவுன்செண்ட் ஒரு பெரிய ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி, பேஸ் ஆம்ப் ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்தினார். காகிதத்துக்கு எதிரே காகிதம். கனம் வந்தது.

ஆனால் அதற்கு முன் நீண்ட காலம் மைக் எட்டத்தில்தான் நின்றது. அறை நடுவே ஒரே மைக், அதைச் சுற்றிக் கலைஞர்கள். சத்தம் அதிகமானவர் தள்ளி நிற்பார், குறைந்தவர் கிட்டே வருவார். கூத்துப் பந்தலின் தொங்கு மைக் இன்றும் அந்த முறையில்தான் இருக்கிறது. கிட்டார்க்காரரை எங்கே நிறுத்துவது என்பதுதான் அன்று ஒலிப்பதிவு. இதை உடைத்தவர்களில் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் லெஸ் பாலை முதலில் சொல்வேன். ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் ஷெட்டை ஸ்டுடியோவாக்கி, ஒரு பதிவின் மேல் இன்னொன்றாக அடுக்கி, 1948-இல் தன் கிட்டார்களை மட்டுமே வைத்து ‘லவர்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். வீட்டில் உட்கார்ந்து கிட்டார் பதிவு செய்பவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கார் ஷெட்தான் பூர்வீக வீடு.

அழுக்கேறிய சத்தத்தின் கதையில் உடைந்த ஸ்பீக்கருக்குப் பெரிய இடம் உண்டு. 1951-இல் மெம்ஃபிஸில் ஐக் டர்னர் குழு ‘ராக்கெட் 88’ பதிவு செய்ய வந்தபோது, வழியில் அடிபட்ட ஆம்பின் கூம்பு கிழிந்திருந்தது. காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்தார்கள். பதிவு செய்த சாம் பிலிப்ஸுக்கு அந்தக் கரகரப்பு பிடித்துப் போனது. 1958-இல் லிங்க் ரே ‘ரம்பிள்’ பாட்டுக்காகத் தானே பென்சிலால் கூம்பைக் குத்தினார் என்பார்கள். 1962-இல் லண்டன் ஹான்வெலில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் ஆட்கள், அமெரிக்க ஃபெண்டர் ஆம்பின் அமைப்பைப் பின்பற்றித் தங்கள் முதல் ஆம்பைக் கட்டினார்கள். சில வருடங்களில் ஆம்ப் 100 வாட் ஆகிவிட்டது. அந்தச் சத்தம் டிரம் மைக்கிலும் பாடகர் மைக்கிலும் ஏறிக்கொண்டது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்கில் வேண்டுமென்றால் மைக் கிட்டே போயே ஆக வேண்டும். இ.எம்.ஐ.-யில் வாத்தியத்துக்கு மிக அருகே மைக் வைக்க விதி அனுமதிக்கவில்லை, கருவி கெடும் என்ற பயம். அங்கே பொறியாளராக இருந்த இருபது வயது ஜெஃப் எமரிக் அந்த 1966-இல்தான் அதை மீறினார்.

கிட்டே போவதற்கு, அடி தாங்கும் மைக் வேண்டுமே. அது ஏற்கெனவே வந்திருந்தது, ஆனால் கிட்டாருக்காக அல்ல. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எவன்ஸ்டன் ஊரில் ஷூர் நிறுவனத்துப் பொறியாளர் எர்னி சீலர், 1959-இல் ‘யூனிடைன் 3’ என்ற மைக்கை முடித்தார். முன்பக்கத்துச் சத்தத்தை வாங்கி, பின்பக்கத்ததைத் தள்ளிவிடும் கையடக்க மைக். அதன் வழிவந்ததுதான் 1965-இன் எஸ்.எம்.57. எஸ்.எம். என்றால் ஸ்டுடியோ மைக்ரோஃபோன். தொலைக்காட்சி நிலையங்களை மனதில் வைத்துச் செய்தது. விளக்கொளி பட்டு மின்னக் கூடாதென்று மங்கிய சாம்பல் பூச்சு, அறிவிப்பாளர் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதென்று ஸ்விட்ச் கிடையாது. அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் மேடையில் பல பத்தாண்டுகளாக நிற்பதும் இதுவே. சீலர் செவ்வியல் இசையை நேசித்தவர், ராக் இசை அவருக்குப் பிடிக்காது என்று அந்த நிறுவனத்தின் வரலாறே சொல்கிறது. அவர் செய்த மைக்தான் உலகத்து ராக் கிட்டார்களின் காதாகிவிட்டது.

பேச்சுக்காக அதில் அவர் வைத்த குணங்கள்தான் காரணம். சொல்லின் மெய்யெழுத்துகள் தெளிவாக விழுவதற்காக 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு வைத்தார். கிட்டார் ஸ்பீக்கர் சரியத் தொடங்கும் அதே இடம் அது. ஆழ்ந்த ஒலிகளில் தடிப்பு மெல்லக் குறையும். ஆனால் கிட்டே கொண்டுபோனால் தடிப்பு தானே ஏறும். நன்கொடைப் பட்டியல் வாசித்த பையன் குரல் குழாயில் தடித்தது இதனால்தான். மைக்கை முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும், கனம் கூடும் குறையும். மின்சாரம் கேட்காது, கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டலாம். மைக் செட்காரரின் இரும்புப் பெட்டியில் இருந்தவையும் இதே சாதி மைக்குகள்.

கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பெங்களூரு ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகள் தயாரிக்கத் தொடங்கியது. அங்கே தயாரான வகைகளில் ஒன்று இ.எல்.84. நம் வீட்டு வால்வு ரேடியோ பாட, பீட்டில்ஸின் வாக்ஸ் ஆம்ப் கர்ஜிக்க, இரண்டுக்கும் அதே வகை வால்வு. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து வீடுகளில் சூடேற அரை நிமிடம் எடுத்துக்கொண்ட அந்த ரேடியோக்களின் அடிவயிற்றுக் குரலைக் கேட்டவர்களுக்கு, வால்வு கிட்டார் ஆம்ப் அந்நியமாகத் தோன்றாது.

கோடம்பாக்கத்தில் கதை வேறு. முழு வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்த காலத்தில், கிட்டார் ஆம்பைத் திறந்துவிட்டால் அது வயலின் மைக்குக்குள் புகுந்துவிடும். அடங்கித்தான் வாசிக்க வேண்டும். அந்த ஒழுங்கை வீடு மாற்றியது. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் 1992-இன் ‘ரோஜா’ பாடல்கள் உருவாயின. ஒவ்வொரு கலைஞராக ராத்திரியில் வந்து, தனியாக வாசித்துவிட்டுப் போகலாம். வீடு ஸ்டுடியோவாகும் என்று தமிழ்நாட்டுக்கு அழுத்தமாகக் காட்டிய கொல்லைப்புறம் அது.

என் அறைக்கு வருகிறேன். பெங்களூரில் பழையதாக வாங்கி, ஓசூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சின்ன வால்வு ஆம்ப். முதல் பதிவில் கிட்டாரைவிட இரைச்சல்தான் பெரிது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். “எர்த்தே இல்லயே தம்பி” என்றார். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்றிப் புது எர்த் போட்டார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. அடுத்தது மின் அழுத்தம். மும்முனை மின்சாரம் வந்து தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வால்வுக்குப் போகும் மின்சாரம் இறங்கும், சத்தம் கொழகொழவென்று ஆகும். ஒரு பாட்டின் முதல் பாதியும் பின்பாதியும் இரண்டு ஆம்ப் போலக் கேட்டன. பிறகு சுவர். சிமெண்டுச் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்தேன், பின்னால் பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்தேன். அறைச் சத்தம் ஒடுங்கியது.

அப்புறம்தான் மைக். கூம்பின் நடுவில் இருக்கும் சின்ன மூடிக்கு நேரே வைத்தால் கண் கூசும் வெளிச்சம் மாதிரி சத்தம். விளிம்புக்கு நகர்த்தினால் சாயங்காலம் மாதிரி மங்கும். மூடியும் கூம்பும் சேரும் ஓரத்தில் இரண்டும் கலக்கின்றன. ஒரு விரல் நகர்ந்தால் வேறு கிட்டார். ஆம்பின் குமிழ்களைத் திருகித் திருகித் தேடியது எல்லாம் இந்த ஒரு விரலில் கிடைத்தபோது அழுகையே வந்தது. ஸ்பீக்கரை மூடிய துணிக்குப் பின்னால் மூடி எங்கே என்று டார்ச் அடித்துப் பார்த்து, துணிமேல் சாக்பீஸால் மூன்று புள்ளி வைத்தேன்.

இப்போது இதெல்லாம் கணினிக்குள் வந்துவிட்டது. 2011-இல் வந்த ஜெர்மனியின் கெம்பர் என்ற கருவி, எந்த ஆம்பையும் படம் பிடித்ததுபோல நகலெடுக்கிறது. ராத்திரி ஹெட்போனில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கருவிகள் பெரிய வரம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நகலெடுக்கும்போது யாரோ ஒருவர் ஏதோ ஓர் அறையில் ஸ்பீக்கர் முன்னால் மண்டியிட்டு மைக்கை நகர்த்தியிருக்கிறார். கணினிக்குள் இருப்பது அவர் தேர்ந்தெடுத்த இடம். எனக்கு என் இடம் வேண்டியிருக்கிறது.

மைக் செட்காரர் போன தை மாதம் வீட்டுக்கு வந்தார். வயதாகிவிட்டது, செட்டை மகன் பார்த்துக்கொள்கிறார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். நான் வாசிக்க வாசிக்க, ஆம்ப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, மைக் ஸ்டாண்டின் கழுத்தைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். நடுப் புள்ளியைத் தாண்டி, மூன்றாவது புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். துணிக்கும் மைக்குக்கும் நடுவே கையை நீட்டி அளந்தார். அந்த இடத்தில் நான்காவது புள்ளி இருக்கிறது. மாங்காய் லாரிகள் திருவண்ணாமலை ரோட்டில் ஓயும் நடுராத்திரிக்கு மேல், அந்தப் புள்ளியில் வைத்துத்தான் இப்போது பதிவு செய்கிறேன்.