ரன் (ஆங்கில வினைச்சொல்)

ரன், ரேன், மறுபடியும் ரன். பள்ளியில் இந்த மூன்று வடிவத்தையும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இதன் பொருள் ‘ஓடு’. ஆனால் பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் கால்களின் ஓட்டத்தோடு நீரோட்டத்தையும் குறித்தது. அதன் உறவுமொழியான ஜெர்மனில் ஓடுவதற்கு ரென்னன், நீர் வழிவதற்கு ரின்னன் என்று இரண்டு சொற்கள் உண்டு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் (1989) அதிகப் பொருள் கொண்ட சொல் ‘செட்’; அதற்கு 430 பொருள்கள். பின்னர் நடந்த திருத்தப் பணியில் ரன் அதை முந்தியது. அகராதியாளர் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்து, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார்.

பயப்படத் தேவையில்லை. பாதி தூரம் தமிழ் ‘ஓடு’ கூடவே வரும்: ஆறு, பஸ், மோட்டார், கடிகாரம் எல்லாம் நம்மிடமும் ஓடுகின்றன, படம் நூறு நாள் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. ஆங்கிலத்தில் மூக்கும் துணிச்சாயமும் ரன் ஆகும். தமிழில் மூக்கு ஒழுகும், சாயம் போகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டிஷ்காரர் நிற்கிறார். இதில் நாம் பிரிட்டிஷ்காரர் பக்கம்.

சறுக்கும் இடம் நிர்வாகப் பொருள். கம்பெனியை, ஹோட்டலை ‘ரன்’ செய்கிறார் என்றால் பொறுப்பு அவர் கையில் என்று அர்த்தம். நாம் அதை ‘நடத்துகிறார்’ என்போம். ‘ஏதோ கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்றால் வருமானம் போதவில்லை என்ற பெருமூச்சு அதில் சேர்ந்துவிடும். ஆங்கிலச் சொல்லில் அந்தப் பெருமூச்சு இல்லை.

பின்னால் ஒரு சிறு சொல் சேர்ந்தால் பொருள் அடியோடு மாறும். ‘ரன் இன்டு’ என்றால் தெரிந்தவரை எதிர்பாராமல் சந்திப்பது; மரத்தில் மோதுவதும் அதுவே. ‘ரன் ஓவர்’ என்றால் வண்டியை ஏற்றிவிடுவது. கூட்டம் நேரம் தாண்டி நீள்வதும் அதுதான். பால் தீர்ந்தால் ‘ரன் அவுட்’. கிரிக்கெட் ரசிகருக்கு அதன் பொருள் வேறு.

கிரிக்கெட்டில் ரன் பெயர்ச்சொல்லாகிவிட்டது. பந்து தரையில் பட்டு எல்லைக்கோட்டைத் தொட்டதும், மட்டையாளர் ஓரடி நகராவிட்டாலும் கணக்கில் நான்கு ரன்.