பெயர் சொல்லப்படாத பக்கவாத்தியம்: தமிழ்த் திரையிசையில் கிற்றார்

கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் வானொலியோடு வளர்ந்த தலைமுறைக்கு 'இளைய நிலா' பாடலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1982 இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில், வைரமுத்து எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது. இந்த மூன்று பெயர்களையும் வானொலி நமக்கு மனப்பாடமாக்கியது. பாடகரின் குரல் எழுமுன்பே நம் காதைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கிற்றாரை மீட்டியவர் ஆர். சந்திரசேகர். அவர் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

நம்பிக்கைக்குரிய துணைக்கலைஞரின் பெயரைச் சொல்வது நம் இசைமரபுக்குப் புதிதல்ல. திரையிசைதான் அந்த வழக்கத்தைக் கைவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் ஓர் அரங்கேற்றம் என்றால், அழைப்பிதழில் வயலினும் மிருதங்கமும் வாசிப்பவர் யார் என்று அச்சிடாமல் விடுவதில்லை. மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் பக்கவாத்தியக்காரராகவே வாழ்ந்து, 1966 இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். றொக் இசை உலகமோ இதற்கு 2000 வரை காத்திருந்தது. அமெரிக்காவின் 'றொக் அண்ட் றோல்' புகழ்மண்டபம் அவ்வாண்டில்தான் துணைக்கலைஞர்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கி, எல்விஸ் பிறெஸ்லியின் முதல் கிற்றார்க் கலைஞர் ஸ்கொட்டி மூரைச் சேர்த்தது. 1969 முதல் 1977 வரை எல்விஸுக்கு வாசித்த ஜேம்ஸ் பேர்ட்டன் மறு ஆண்டில் சேர்ந்தார்.

ஒரு மறுப்பு எழலாம். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரங்களைத் தாமே எழுதிக் கொடுப்பவர். அப்படியானால் வாசிப்பவரின் பங்கு என்ன?

இதற்கு இளையராஜாவின் வாழ்க்கையே பதில். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற அவர், இசையமைப்பாளர் சலில் சௌத்ரியின் ஒலிப்பதிவுகளில் கிற்றார் வாசித்தார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷின் உதவியாளராக இருந்தார். 1976 இல் தாம் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' வருமுன் அவரும் பிறர் இசைக்கு வாசித்தவரே. தாளில் எழுதிய ஸ்வரத்துக்கும் விரல் எழுப்பும் நாதத்துக்கும் இடையிலுள்ள தூரம் அவருக்குத் தெரியும். அதனால்தான் கிற்றாரில் சந்திரசேகர், சதானந்தம், பேஸ் கிற்றாரில் சசிதரன், டிரம்ஸில் சந்திரசேகரின் சகோதரர் புருஷோத்தமன் என்று அதே கைகளையே அவர் மீண்டும் மீண்டும் நாடினார். 'இளைய நிலா'வில் கோர்ட்டின் (chord) ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஒரு ஸ்வரம் சற்று அழுந்தினாலும் அந்த நிலவொளி கலைந்துவிடும். அந்தச் சீர்மையை எந்தத் தாளிலும் எழுதிவிட முடியாது. மெட்டு 1983 இல் 'கலாகார்' படத்தின் வழியாக இந்திக்குப் போனபோது கிற்றாரும் கூடவே போனது.

கிற்றார் என்பதால் இவர்கள் மறைக்கப்படவில்லை. 1960களில் சிங்கள மெல்லிசைக்கு மின்கிற்றாரைக் கொண்டுவந்த கிளரன்ஸ் விஜேவர்தனவின் பெயர் இன்றும் காலி வீதியெங்கும் வழங்குகிறது. அவர் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் தலைவர், பாடல்களை ஆக்கியவர், மேடையில் முன்னால் நின்றவர். ஒலிப்பதிவுக்கூடத்துக் கதவுக்குள் வாசித்தவருக்கு அந்த மேடை இல்லை. இசைத்தட்டின் உறையிலும் இடம் இல்லை.

பிறரைத் தாங்கி நின்ற கைகளுக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. எந்தப் பாடலில் எந்தக் கை வாசித்தது என்பதை, கேட்டறியக் கூடியவர்கள் இருக்கும்போதே, நம் இசை மாணவர்கள் பதிவு செய்யத் தொடங்க வேண்டும். வானொலி அறிவிப்பாளர்களும் அடுத்த முறை 'இளைய நிலா'வை ஒலிபரப்பும்போது நான்காவது பெயராக ஆர். சந்திரசேகரைச் சொல்ல வேண்டும்.